பெத்லகேமில் ஒரு பெட்ரோல் பங்க்

சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் நான் இன்றுவரை சொல்லாத பாவம் ஒன்று உண்டு. செய்ததற்கு வருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் சொன்னால் எந்தப் பாவமும் தீராது என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மனஸ்தாபமே வரவில்லை. வெட்கம் வந்தது, அது வேறு.

ஐம்பதுகளின் நடுவில், கல்மண்டபம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் எனக்கு வேலை. கைப்பிடியை ஆட்டி ஆட்டி பெட்ரோலை மேலே இருக்கும் கண்ணாடிக் குடுவைக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து குழாய் வழியாகக் காருக்குள் இறக்க வேண்டும். காக்கிச் சட்டை, தலையில் தொப்பி. மெட்ராஸில் ஓடும் வண்டியெல்லாம் என் வலது கையால்தான் ஓடுகிறது என்று எனக்கு நினைப்பு. (வயது இருபத்து மூன்று. வேறு எப்படி இருப்பேன்?)

எங்கள் தெரு பிலோமினாவை எனக்குப் பெண் கேட்டு அம்மா போனாள். பிலோமினாவின் அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். உயரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் குனிந்தே பார்த்துப் பழகியவர்.

"ஆரன் அட்ச்சா ஓடியார்றதெல்லாம் ஒரு வேலையாக்கா? அதுல இன்னா பெரும கீது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

பெண் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையைச் சொன்னது சுருக்கென்று தைத்தது. கிறிஸ்துமஸ் அன்று தெருவே வீடு வீடாகப் போய், சேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மை வைத்துக் காட்டும் குடில் பார்க்கும். அவரும் வருவார். என் வேலை எப்பேர்ப்பட்டது என்று எங்கள் வீட்டுக் குடிலிலேயே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பங்க்கைக் கயிறு பிடித்து அளந்தேன். அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. பிஸ்கட் டின்னை வெட்டிக் கூரை போட்டேன், மருந்து பாட்டிலைக் கண்ணாடிக் குடுவை ஆக்கினேன். மணல் வாளிகள், 'புகை பிடிக்கக் கூடாது' பலகை, காற்றடிக்கும் குழாய், பெட்ரோல் போட வந்து நிற்கும் ஒரு தகரக் கார் எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மூன்று தடவை லாரி பெயிண்ட். இரண்டு மாதம் ஆயிற்று.

ஒரே பிரச்சினை குடிலில் வைக்கும் சுரூபங்கள். அம்மா கல்யாணத்தின்போது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடாத களிமண் சுரூபங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண். என் பங்க்கின் கூரை சூசையப்பரின் மார்பளவுக்குத்தான் வந்தது. ஆடுகள் என் காரைவிடப் பெரிதாக நின்றன.

"பங்க்க சின்னதா செஞ்சிட்டியேடா," என்றாள் அம்மா.

"பங்க்கு சரியா கீதுமா. சூசையப்பருதான் அளவுல தப்பு."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சூசையப்பர், மாதா, குழந்தை சேசு என்று திருக்குடும்பத்தையே பின்னால் தள்ளிவிட்டு பங்க்கை முன்னால் வைத்தேன்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் சவரிமுத்து மகளோடு வந்தார். அதற்காகவே காத்திருந்தேன். கூரைக்குப் பின்னால் ஸ்டூலில் ஒரு குடம் நிறையச் சிவப்புச் சாயத் தண்ணீர், அதிலிருந்து பம்ப்புக்கு ஒரு ரப்பர் குழாய். பீப்பாயிலிருந்து பெட்ரோல் இறக்குவது போல முனையை வாயில் வைத்து உறிஞ்சிக் காருக்குள் விட்டேன். பெட்ரோல் பாய்ந்தது. பல்லெல்லாம் சிவப்பாக, "பாத்தீங்களா மாமா, இதான் வேல!" என்றேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு மாதம் யோசித்திருந்தேன். எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை.

கார் நிரம்பி வழிந்தது. கட்டைவிரலால் அடைத்தேன். குழாய் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மணல் சிதறக்கூடாது என்று குடிலைச் சுற்றிப் பலகை அடித்திருந்ததால் தண்ணீர் வெளியேறாமல் ஏறிக்கொண்டே போனது. ராஜாக்கள் மூவரும் முழங்கால் கரைந்து படுத்தார்கள். ஒட்டகம் சேறாயிற்று. குழந்தை சேசு தென்னம்பாளைத் தொட்டிலோடு மிதந்து வந்து, பெட்ரோல் போட வந்தவர் போலப் பம்ப்பில் முட்டி நின்றார்.

"அடப்பாவி, கொழந்தைங்கள வெட்ன ஏரோது ராஜா கூட இப்டி செய்லியேடா!" என்று அம்மா அலறினாள்.

நான் வேட்டியால் வெள்ளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா பின்பக்கம் போய், குடத்திலிருந்து குழாயைத் தூக்கி வெளியே போட்டாள்.

"பெட்ரோல் போட்டு முட்ச்சா கொழாய எடுக்கணும்னு தெரியாதா?" என்றாள். பங்க்கில் வேலை பார்ப்பவனிடம்!

சவரிமுத்து குனிந்தார். பெத்லகேம் முழுக்கச் சிவப்புச் சேறு. நடுவில் என் பங்க் மட்டும் பெயிண்ட்கூடப் போகாமல் நின்றது. கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"மணலு வாளி மூணு வச்சிக்கீற. அங்க நாலு இல்ல கீது?"

"ஒண்ணு ஓட்ட மாமா. மணலு நிக்காது. அத்தால வைக்கல."

தினமும் அந்த வழியாகப் போகும்போது என் பங்க்கை வாளி வாளியாக எண்ணியிருக்கிறார் மனிதர்! போகும்போது அம்மாவிடம், "பாஸ்கா போவட்டும்க்கா, பேசிக்கலாம்," என்றார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் எனக்கும் பிலோமினாவுக்கும் கல்யாணம் நடந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாமனார் கைவண்டியில் ஒரு சாமான் கொண்டுவந்து இறக்கினார். தகரத்தில் செய்த துறைமுகக் கிரேன். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி ஏறி இறங்கியது. அவரும் அடிக்கு ஓர் அங்குலம்தான் வைத்திருந்தார், அதனால் கிரேன் அவர் தோளுக்கு வந்தது.

"கப்பல்லருந்து எறக்குற என் கிரேன் இல்லாம உன் பங்க்குல இன்னாடா ஓடும்?" என்று கேட்டு, புதிதாக வாங்கிய திருக்குடும்பத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

இரண்டும் இன்றுவரை எங்கள் குடிலில் நிற்கின்றன. போன வருஷம் குடிலை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த சர்ச்சின் புதுச் சாமியார் வெகுநேரம் தேடிவிட்டு, குழந்தை சேசு எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கிரேனுக்கு அந்தாண்ட வந்து பாருங்க சாமி," என்றாள் பிலோமினா. "பங்க்குக்குப் பின்னால கீறாரு."