சத்தம் போடாத டிரில்

கெம்னிட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் எக்கார்ட் அவர்களுக்கு,

உன் அக்கா கணவன் ஃபோல்க்மார் எழுதிக்கொள்வது. இங்கு நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. போன மாதம் "உன் சுவத்தோட நீயே மாரடி"ன்னு சொல்லி நீ போனை வைத்ததிலிருந்து நமக்குள் பேச்சில்லை, ஆகவே கடிதம்.

உன் அக்கா ரோஸ்விதா இடுப்பு ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியில் நடை பழகி, ஐந்து வாரம் கழித்து நாளைக் காலை டாக்சியில் வருகிறாள். "குளியல் தொட்டி பக்கத்துல பிடிச்சு ஏற ஒரு கைப்பிடி இருக்கணும். இல்லேன்னா அதே டாக்சில மக வீட்டுக்குப் போயிருவேன், அப்புறம் திரும்பி வருவேன்னு நினைக்காத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகள் வீட்டில் தொட்டியே கிடையாது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை, சொல்.

ஒரு கைப்பிடி, நாலு ஓட்டை. அதற்கு உன் டிரில்லைத் தருகிறேன் என்றாய். நம்ம பழைய கிழக்கு ஜெர்மனியில் செய்தது, நாடே போய்விட்டது, டிரில் போகவில்லை என்று பெருமை வேறு. எனக்கு ரோஷம் வந்து, வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றுவிட்டேன். பொருள்களைச் சோதித்து மார்க் போடும் பத்திரிகையில் நாலு இதழ் வாங்கி, எடை, பேட்டரி, தூசி, சத்தம் என்று அட்டவணை போட்டு மூன்று வாரம் கூட்டிக் கழித்தேன். கீழ்வீட்டு வாலெஸ்கா அம்மாளை உனக்குத் தெரியும், மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரத்தில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் கட்டட விதிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவார். அதனால் சத்தத்துக்கு மட்டும் இரட்டை மார்க் போட்டு, இருப்பதிலேயே சத்தம் குறைந்ததை வாங்கினேன். பச்சை நிறம்.

சத்தம் இல்லை, உண்மைதான். ஓட்டையும் இல்லை. அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து அழுத்தியும் நம்ம காங்கிரீட் சுவரில் ஒரு பொட்டு வைத்தது, அவ்வளவுதான். வாலெஸ்கா அம்மாள் மேலே வந்து, "துளைக்கப்போறதா வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்களே, எப்பங்க ஆரம்பிப்பீங்க? காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கிருந்த பெண், "ஐயா, இது மரத்துக்கு. காங்கிரீட்டுக்கு இடிச்சுக்கிட்டே துளைக்கிறது வேணும். என்ன சுவருன்னு பாக்காமயா வாங்கினீங்க?" என்றாள். சுவருக்கு நான் அட்டவணையில் கட்டமே போடவில்லை, எக்கார்ட்.

இடிக்கும் டிரில்லும் வாங்கினேன், சிவப்பு. பெட்டியைத் திறந்தால் பேட்டரி இல்லை, அது தனியாம். பச்சையின் பேட்டரியோ சிவப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. நேற்று சனிக்கிழமை மறுபடி கடை, மறுபடி பேட்டரி, சார்ஜ் ஏறி முடிந்தபோது மணி சரியாக ஒன்று. டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்காக உட்கார்ந்திருந்தவன் அப்படியே கண்ணசந்துவிட்டேன். விழித்தால் எட்டரை! எட்டுக்கு மேல் துளைக்கக் கூடாது. இன்று ஞாயிறு, நாள் முழுக்கக் கூடாது.

ஆனாலும் கைப்பிடி இப்போது சுவரில் நிற்கிறது. சின்னச் சத்தம்கூட இல்லாமல் இன்று மாட்டிவிட்டேன். எப்படி என்று கேட்காதே. உன் டிரில் தேவைப்படவில்லை, இனியும் தேவைப்படாது.

உன் மனைவிக்கு வணக்கம், நாய்க்கு அன்பு. உன் வீட்டுச் சுவர்கள் உன் சொல்லைக் கேட்டு நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஃபோல்க்மார்

பி.கு.: திங்கள், காலை பத்தரை. பசை போட்டு ஒட்டியிருந்தேன். ரோஸ்விதா டாக்சியைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, லிப்டில் வந்து நேரே குளியலறைக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். கைப்பிடியும் டைல்ஸும் சேர்ந்து அவள் கையோடு வந்துவிட்டன. என் தோளைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. சிவப்பு டிரில்லை எடுக்கப் போனேன். "நீ இனி சுவத்தைத் தொடாத. எக்கார்டை டிரில்லோட வரச் சொல்லு. அதுவரைக்கும் நீ இங்கயே நில்லு" என்கிறாள். நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். கடிதத்தை டாக்சிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் காலியாகத்தான் திரும்புகிறார். உடனே வா. ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் வராதே.