செபஸ்டியன் சுவாமியைப் பாரிஸில் மறித்துவைத்த பாடு

லா சப்பல், பாரிஸ்.

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்கா அற்புதராணி அவர்கட்கு,

மடுமாதாவின் காவலில் மன்னாரில் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க, இங்கே தம்பி பத்திநாதரும் என் மனுசி புஸ்பராணியும் உயிரோடு இருக்கிறோம். சுகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகன் செபஸ்டியன் சுவாமி இனி ஆபிரிக்காவில் டோகோ நாட்டுக் கிராமத்து மிஷனுக்குத் திரும்பிப் போக மாட்டார். "திரும்பத் திரும்ப மலேரியா வந்த பிள்ளை, எப்பிடியாவது அவனை உன்னோடை மறிச்சு வை" என்று தொலைபேசியில் அழுதீர்கள். மறித்துவிட்டேன். மறித்த பாட்டைக் கேளுங்கள்.

லீவில் வந்தவரை விமான நிலையத்திலிருந்து ரெயிலில் கூட்டிவந்தேன். அந்தக் கிராமத்தில் எதிரே வருகிற ஆளிடம் வீடு, பிள்ளை, ஆடு, கிணறு எல்லாம் சுகமா என்று கேட்காமல் போனால் மரியாதைக் குறைவாம். அதே பழக்கத்தில் ரெயிலில் இருந்த ஒவ்வொருவரையும் சுகம் விசாரிக்கத் தொடங்கினார். பாரிஸில் ரெயிலுக்குள் வாய் திறந்தால் விசரன் என்றுதான் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் மரி-கிளேர் என்றொரு பிரெஞ்சு மூதாட்டி, தன்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை என்று அழத் தொடங்க, சுவாமி ஆறுதல் சொல்ல, கார் து நோர் ஸ்டேசனில் இறங்க வேண்டிய நாங்கள் அவவின் கூடையையும் சுமந்துகொண்டு பாரிஸின் மற்ற அந்தத்தில் போய் இறங்கினோம்.

வீட்டில், குழாயில் சுடுதண்ணி வருமட்டும் ஓடுகிற பச்சைத்தண்ணியை வீணாக்கக் கூடாதென்று, இருந்த சட்டி பானை எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டார். "இஞ்சேருங்கோ, கறி வைக்க ஒரு சட்டி மிச்சமில்லை. உங்கடை மருமகன் குளம் கட்டுறாரோ?" என்றாள் புஸ்பராணி. அவரோ, "மாமி, அங்கை இவ்வளவு தண்ணிக்குப் பொம்பிளையள் விடிய வெளிக்கிட்டு நடக்கினம்" என்றார். அன்றைக்குப் பாணும் சம்பலும்தான்.

அடுத்து ஞாயிறு தமிழ்ப் பூசை. "அங்கை காணிக்கை நேரம் சனம் தங்கடை விளைச்சலோடை ஆடிக்கொண்டு வரும். நீங்களும் உங்கடை தொழிலிலை ஒண்டைக் கொண்டு வாங்கோ" என்று சுவாமி முன்கூட்டியே சொல்லிவைத்தார். நகைக்கடை லோறன்ஸ் தன் கடைக் கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மீன்கடை மரியரட்ணம் உயிர் நண்டுப் பெட்டியோடு ஆடினார். ஆடிய வேகத்தில் மூடி கழன்றது. நண்டுகள் பீடத்துப் படியில் ஏற, பாடகர் குழு கதிரைகளில் ஏற, சுவாமி மட்டும், "பயப்பிடாதையுங்கோ, அங்கை ஒருக்கா ஆடே பீடத்திலை ஏறினது" என்று பூசையைத் தொடர்ந்தார்.

போன கிழமை ரூ பெர்தொனே தெருவில் என் மரக்கறிக் கடையில் நாங்கள் மூவரும் நிற்கும்போது, அந்தக் கிராமத்து உபதேசியார் பஸ்கால் சுவாமிக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஊரில் இருக்கிற ஒரே வாகனம் சுவாமியின் மோட்டார்சைக்கிள். அது கிளம்பவில்லை. சுவாமி அவர்கள் பாஷையில் சொல்லிக்கொடுக்க, வண்டி இருமி இருமி நின்றது. அந்தப் பெண் அலறுவது எங்களுக்கும் கேட்டது. சனம் வெண்டிக்காயைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றது. புஸ்பராணி பொறுக்கமாட்டாமல் தொலைபேசியைப் பறித்து, "உதை! உதையடா தம்பி!" என்று தமிழில் கத்தினாள். பிறகு கடை முழுக்க, "உதை! உதை!" வண்டி சீறிக் கிளம்பியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பின்னேரம் தொலைபேசியில் குழந்தையின் அழுகை கேட்டது, பெண் பிள்ளை. பஸ்கால் ஒன்றுதான் கேட்டார்: நீங்கள் எல்லாரும் சேர்ந்து மன்றாடிய அந்தப் புனிதர் யார்? பிள்ளைக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்களாம். உதை மரி.

எல்லாரும் சிரித்தோம். சுவாமி மட்டும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். நான் பக்கத்தில் போய், "பாதர், பாத்தியளே, நீங்கள் இல்லாமலும் அங்கை வண்டி ஓடுது. இனி இஞ்சையே இருங்கோ" என்றேன். தலையாட்டினார். ஆகவே அக்கா, நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கமும், உங்கள் முழங்காலுக்கு மாதாவின் சுகமும் உண்டாகட்டும்.

உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
பத்திநாதர்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் வீட்டுக்கு வந்தேன். நான் சொன்னது சுவாமியின் காதில் விழவேயில்லையாம். வியாழக்கிழமை பயணமாம். புஸ்பராணியும் போகிறாள். பெயர் கொடுத்த ஞானத்தாய் இல்லாமல் உதைக்கு ஞானஸ்நானம் நடக்குமோ என்று என்னையே கேட்கிறாள். எப்ப வருவாய் என்றேன். "அங்கை போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்கிறாள். அக்கா, சோறு வடிப்பது எப்படி என்று உடனே எழுதுங்கோ.