கர்ப்பிணி அட்டையை லேமினேட் செய்தது குறித்துச் சம்பந்திக்கு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முப்பத்தோரு வருஷம் ஆவண அறையில் உட்கார்ந்து அடுத்தவன் எழுதிய பொய்களையெல்லாம் நூல் கட்டி அடுக்கியவன், சொந்தக் கையால் ஒன்று எழுத மனம் வரவில்லை. ஆகவே உள்ளது உள்ளபடி: உங்கள் மகளுக்குக் கால் வீக்கம், எனக்கு இரத்த அழுத்தம், பேத்திக்குச் சளி, உங்கள் சம்பந்தியம்மாளுக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, என்மேல் கோபம். பேரன் எலிக்குட்டி மட்டும் பரம சுகம். காகிதம் எது கிடைத்தாலும் கடித்துவிடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது பாட்டிலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் காது விஷயம் உங்களுக்கே தெரியும். போன வாரம் "மாத்திரை சாப்பிட்டீங்களா" என்று நான் உங்களைக் கேட்டதற்கு எங்கள் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து "சாப்பிட்டாச்சு" என்றார். இப்போது சொல்ல வேண்டிய வார்த்தையை அந்தச் சத்தத்தில் சொன்னால் நான் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். வார்த்தை இது: கருத்தடை. எழுதிவிட்டேன். இரண்டு சம்பந்திகள் பேசிக்கொள்கிற விஷயமா இது? சத்தியமாக இல்லை. உங்கள் வீட்டம்மா இருந்திருந்தால் அவரும் என் வீட்டுக்காரியும் சமையலறையில் ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டு நமக்கு டீ கொடுத்திருப்பார்கள். அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்துவிட்டார், விஷயம் நம் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

எலிக்குட்டி பிறந்து ஒரு வருஷம் இரண்டு மாசம். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. அந்தத் தையல் சரியாக ஆறுமுன்பே அடுத்தது தங்கி, இப்போது எட்டாம் மாசம் நடக்கிறது. பையன் கப்பலில் இருக்கிறான், வீட்டுக்காரி இரண்டு குழந்தைகளை விட்டு நகர முடியாது, ஆகவே ஆஸ்பத்திரிக்குத் துணை நான்தான். பெரிய டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, என்னையும் நிற்க வைத்துக்கொண்டே, "பழைய தையல் ரொம்ப மெலிஞ்சிருக்கு. இந்தத் தடவை தாங்கும்னு நினைக்கிறோம். இன்னொண்ணு தாங்காது. உயிரோட விளையாடாதீங்க" என்றார். தாங்கும் என்று சொல்லவில்லை சம்பந்தி, தாங்கும்னு நினைக்கிறோம் என்றார். அந்த "நினைக்கிறோம்" வந்து என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அங்கிருந்து எங்களை இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிஸ்டர், ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தட்டு, தட்டில் மாத்திரை, ஊசி, இன்னும் நான் பார்க்கக் கூடாத சாமான்கள். நான் வெளியே நிற்கிறேன் என்றேன். "உக்காருங்க ஐயா, உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா மூச்சு விடாமல் ஆரம்பித்தார்: "பிரசவத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு போனவங்கல்லாம் அடுத்த வருஷம் இதே ஸ்டூலுக்குத்தான் வர்றாங்க. வலில கத்திக்கிட்டு இருக்கறப்ப கேட்டா அது கேள்வியா? மயக்கத்துல இருக்கறவங்ககிட்ட என்னத்தக் கேக்க? தெளிவா இருக்கறப்பவே முடிவு பண்ணுங்க. டாக்டர் கார்டுல எழுதி நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, ஆபரேஷன்லயே வச்சிடுவாங்க." இப்படிச் சொல்லிக்கொண்டே ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு சின்னக் கம்பியை எடுத்து, உங்கள் மகளுக்குக் காட்டிவிட்டு என் கையிலும் கொடுத்துவிட்டார். குடையிலிருந்து ஒடிந்து விழுந்த துண்டு என்றுதான் நினைத்தேன். என்னவென்று விளங்கியதும் எங்கே வைப்பது என்று தெரியாமல், கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் விடவில்லை. எத்தனை வருஷம் இருக்கும், பால் குறையுமா, வலிக்குமா, வேண்டாமென்றால் எடுத்துவிடலாமா என்று கேள்வி மேல் கேள்வி. நான் சுவரில் ஒட்டியிருந்த 'கை கழுவுவது எப்படி' என்ற படத்தை ஏழு தடவை படித்தேன். கடைசியில், "இதையே வச்சிடுங்க சிஸ்டர்" என்றாள். "வீட்ல யாரையாவது கேக்கணுமா?" என்றார் சிஸ்டர். "எல்லாரையும் கேட்டுக் கேட்டுத்தான் சிஸ்டர் இப்படி உக்காந்திருக்கேன்" என்றாள் உங்கள் மகள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை வரும்போது டாக்டர் எழுதுவார், கார்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பத்திரம் என்று என்னிடம் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் நாளே எலிக்குட்டி அந்தக் கார்டின் ஒரு மூலையைத் தின்றுவிட்டான். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்று ஓடினேன். தெருமுனையில் லேமினேஷன் கடை. கடைக்காரர், "நல்ல தடிமனாப் போடட்டுமா சார்?" என்றார். "இருக்கிறதிலேயே தடிமனாப் போடுங்க" என்றேன். கார்டு, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அழுத்தித் தந்தார். ஸ்கேன் படம் மட்டும் அந்தச் சூட்டில் முழுக் கறுப்பாகிவிட்டது. அது அப்படித்தான் சார் என்றார். சரி, உள்ளே இருட்டாகத்தானே இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து எலிக்குட்டியிடமே கொடுத்தேன், பல் இறங்கவில்லை. அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மா பேனாவை வைத்தார், வழுக்கியது. அழுத்தினார், வழுக்கியது. "யாரு பண்ணது இது?" என்றார். "எங்க மாமாதான்" என்றாள் உங்கள் மகள். வரிசையில் இருந்த அத்தனை வயிறும் குலுங்கியது. சிஸ்டர் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி உரித்துப் பார்த்தார், எழுத்தும் கூடவே உரிந்து வந்தது. மார்க்கரால் எழுதினார்கள். உங்கள் மகள் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள், எழுதினது காணோம். "அழியற மாதிரி எழுதாதீங்க சிஸ்டர். போன தடவையும் இது கார்டுல இல்லாமத்தான் எல்லாம் போச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை அதற்கப்புறம். புதுக் கார்டு போட வேண்டும், அதற்குப் போன பிரசவத்து ஃபைல் வேண்டும், ஃபைல் ஆவண அறையில் இருக்கிறது, பெரியவரே நீங்கள் போய் எடுத்து வாருங்கள் என்றார்கள்.

போனேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு குமாஸ்தா தலை நிமிராமல் "நாளைக்கு வாங்க" என்றார். சம்பந்தி, அந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒருவர்கூட ஏன் என்னை அடிக்கவில்லை என்று அன்றுதான் யோசித்தேன். மறுநாளும் நாளைக்கு என்றார். மூன்றாம் நாள், "நானும் உங்க இனம்தான் சார், முப்பத்தோரு வருஷம்" என்றேன். உடனே எனக்கொரு நாற்காலியைத் தட்டிப் போட்டார், கரையான் பற்றி அரைமணி நேரம் மனம்விட்டுப் பேசினோம். ஃபைல் அவர் மேஜைக்கு அடியில்தான் இருந்தது, கால் வைத்துக்கொண்டிருந்தார்.

நின்றபடியே புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், அன்றைய தேதி, மணி எல்லாம் போட்டு, நீல மையில் ஒரு வரி: "கருத்தடை பற்றி உறவினர் இருவரிடம் கேட்கப்பட்டது. பதில் இல்லை."

அந்த இருவர் நாம்தான் சம்பந்தி. பிரசவ வார்டு வாசலில் பச்சை பெஞ்சு, நீங்கள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். சிஸ்டர் கதவைப் பாதி திறந்து, "அவங்க மயக்கத்துல இருக்காங்க. கருத்தடை ஏதாவது வச்சுக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்களா? கார்டுல ஒண்ணும் இல்லையே" என்று கேட்டார். எனக்குத் தெரியும். முதல் நாளே என் வீட்டுக்காரி, "அவ வச்சுக்கணும்னு சொல்லிட்டா, கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உங்களுக்கும் தெரியும். அம்மா இல்லாத பெண், வெட்கத்தை விட்டு உங்களிடமும் சொல்லியிருக்கிறாள், போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? "சம்பந்தி சொல்லட்டும்" என்றேன். நீங்கள், "ஐயையோ, நீங்க இருக்கறப்ப நானா" என்றீர்கள். "பெத்தவர் நீங்க" என்றேன். "இப்ப அவ உங்க வீட்டுப் பொண்ணு" என்றீர்கள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், கதவு சாத்திக்கொண்டது. நாம் இருவரும் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தர் ஆமாம் என்று சொல்லியிருந்தால், அவள் கண் விழித்ததும் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு அனுப்புமுன்பே ஏதாவது வழி செய்திருப்பார்கள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறாவது வாரம் பேத்திக்கு அம்மை. அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் பையன் ஒரு மாச லீவில் வந்து போனான். மேலே எழுதக் கை கூசுகிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அது என்ன பாவம் செய்தது. ஆனால் நம் வெட்கத்துக்கு நாம் வைத்த பெயர் மரியாதை, அதன் கூலியை அனுபவிக்கிறவள் அவள்.

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் சம்பந்தி? இந்த வயதில் அந்த இரண்டு குழந்தைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பயமாக இருக்கிறது. பயத்தைச் சொல்லவும் எனக்கு வேறு ஆள் இல்லை, பாவம் செய்ததில் கூட்டாளி நீங்கள் ஒருவர்தானே.

புதுக் கார்டு வந்துவிட்டது. டாக்டர் எழுதியாயிற்று, அவளும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை, காகிதம் எப்படியெல்லாம் தொலையும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? ஆபரேஷனுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். நீங்கள் கட்டாயம் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்காருவோம். கதவு திறந்தால் நீங்கள் என் முகத்தைப் பார்க்கக் கூடாது, நான் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "ஆமா, அவ கேட்டிருக்கா, வச்சிடுங்க" என்று சொல்ல வேண்டும். முடிந்தால் அங்கே தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். நான் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் முழங்காலும் காதும் நல்லபடியாக இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, கேட்காதவர்களுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் வெட்கமும் உள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டது அனைத்தும் ரத்து. நேற்றுக் காலை பத்து மணிக்கு இந்தக் கடிதத்துக்கு உறை தேடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலி வந்துவிட்டது. உங்களுக்கு நாலு தடவை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை, மணி சத்தம் கேட்டிருக்காது. கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உடனே ஆபரேஷன் என்றார்கள். பெஞ்சில் நான் மட்டும். ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கதவு பாதி திறந்தது, சிஸ்டர் தலையை நீட்டி "ஐயா" என்றார். அவ்வளவுதான் தெரியும். எழுந்து நின்று, "ஆமா! அவ கேட்டிருக்கா! கருத்தடை! வச்சிடுங்க!" என்று கத்திவிட்டேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது, எதிரே ஒருவர் ஃபிளாஸ்க் மூடியைக் கீழே போட்டார். சிஸ்டர் நிதானமாக, "அது அப்பவே வச்சாச்சுங்க ஐயா. அதான் கார்டுல இருக்கே, உங்களை யார் கேட்டா? குழந்தையைச் சுத்தறதுக்குத் துணி கொண்டு வந்தீங்களா?" என்றார். கொண்டு போகவில்லை. என் துண்டைக் கொடுத்தேன்.

பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு. தையல் பிரிந்து ரத்தம் நிறையப் போய்விட்டது, இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், இன்னும் மூன்று நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் உடனே கிளம்பி வாருங்கள், எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள். சாயங்காலம் அவளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே நடந்தேன். கண்ணைத் திறந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. "மாமா, வச்சிட்டாங்களா?" என்றாள். நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "வச்சாச்சும்மா" என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப் போனாள். நான் அந்தப் பெஞ்சுக்குத் திரும்பி வந்து, எல்லோரும் பார்க்கத்தான், உட்கார்ந்து அழுதேன்.