நான்கு பேர் ஊர்வலமும் நரி படித்த பட்டமும்

ஒரு காட்டில் நரியாகிய எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ஆற்றங்கரைக்கு வேலி போட்டபோது நான் அச்சடித்த துண்டறிக்கையை ஆடுகள் தின்றுவிட்டன. படித்துவிட்டுத் தின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இரண்டாவது, பழவரியை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தேன். பிறவியிலேயே ஒல்லி என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவது, சிங்கராஜா குளிப்பதற்கென்று குளத்தைப் பூட்டியபோது மறியல் செய்தேன். கைது செய்ய வந்த ஓநாய், "ஒத்தை ஆளுக்கெல்லாம் வண்டி எடுக்க முடியாதுங்க" என்று திரும்பிப் போனது.

எங்கள் காட்டில் ஒரு வழக்கம். போராட்டத்தின் தலைவர் இன்னார் என்று ராஜா ஏற்றுக்கொண்டால், சாட்சிகள் முன்னிலையில் அவர் பெயரை உரக்க வாசிப்பார்கள். என் பெயர் இடிமுழக்கம். வாசிக்கப்படுவதற்கென்றே வைத்துக்கொண்ட பெயர். இதுவரை யாரும் வாசிக்கவில்லை.

ஆகவே காட்டுப் பல்கலைக்கழகத்தில், திரைப்படமும் ஊடகமும் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பேராசிரியர் கொக்கு காலையில் சினிமா நடத்தினார்: நான்கு பேரை நானூறு பேராகக் காட்டுவது எப்படி. மாலையில் ஊடகம்: நானூறு பேரை நான்கு பேராகச் சொல்வது எப்படி. நான் காலை வகுப்புக்கு மட்டும் ஒழுங்காகப் போனேன்.

இறுதியாண்டுப் படத்துக்காகக் குளத்துப் பூட்டை எதிர்த்து ஊர்வலம் அறிவித்தேன். உடன் படிக்கும் கழுதை, முயல், உடும்பு, ஆமை வந்தார்கள்.

"கேமராவைத் தாண்டினதும் பின்பக்கமா ஓடிவந்து மறுபடி நுழையணும், தோழர்களே!"

முயலுக்கு மூச்சு வாங்கியது. உடும்பு உட்கார்ந்துவிட்டது. ஆமை இன்னும் கேமராவுக்கே வந்து சேரவில்லை. கழுதை வடிவாம்பாள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தலைப்பாகையாவது மாத்திக்கட்டா, அண்ணே?"

"வேண்டாம்மா. மக்களுக்கு ஒரே முகம்தான்."

"அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

"கேமராவை யார்கிட்ட குடுத்தாலும் ஆட்டிடுவாங்க. நான் இங்கிருந்தே தலைமை தாங்குறேன்."

"என்னமோ செய்யுங்க. கடைசியில தண்ணி வந்தாச் சரி."

படம் திரையிடப்பட்டது. சிறப்பு விருந்தினராக வந்த சிங்கராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

"இத்தனை பேரா! குளத்தைத் திறந்து விடுங்கள்."

நான் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன்.

"முன்வரிசையிலும் அந்தக் கழுதை, நடுவிலும் அந்தக் கழுதை, கடைசியிலும் அந்தக் கழுதை" என்றது ராஜா. "தலைவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!"

"ராஜா, அது என் ஊர்வலம்."

"உன்னைப் படத்திலேயே காணோமே?"

விளக்கம் சொல்ல வேண்டுமானால், வந்தது நான்கு பேர்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் குளத்துக்கு மறுபடி பூட்டு. வடிவாம்பாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். சாட்சிகளில் ஒரு ஆள் குறைகிறது என்று என்னையும் அந்த வரிசையில் உட்காரவைத்தார்கள்.

ஓநாய் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தது:

"சாட்சிகள் கேளுங்கள்! போராட்டத் தலைவர், வடிவாம்பாள்!"

நீதி: மக்களுக்குத் தலைமை தாங்குவது அப்புறம், முதலில் கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.