ஓசியில கழிச்ச வேப்பமரம்

அன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டு முன்னால இருக்கிற வேப்பமரத்துல ஒரு கிளையைக் கழிக்கணும்.

எழுபதுகளோட கடைசி. ஆரணியில எங்க தெரு பூரா பட்டுத்தறி. காத்தடிச்சா அந்தக் கிளை எங்க வீட்டு ஓட்டை உடைக்கும், மழை பேஞ்சா தண்ணி நேரா தறி மேல ஒழுகும். அதுக்குத்தான் போளூர்லேர்ந்து மரம் வெட்டுற முனுசாமியைக் கூப்பிட்டேன்.

"பத்து ரூபா ஆவுங்க. கட்டையை நீங்களே வச்சிக்கங்க."

பத்து ரூபாயா! ஒரு கிளைக்கா! நான் கூலிக்கு நெய்யுறவன்தான். ஆனா பேரம்னு வந்துட்டா நம்மளை அடிச்சிக்க ஆளே இல்லைன்னு ஒரு நெனப்பு.

"இன்னாப்பா பேஜார் பண்ற? அஞ்சு வாங்கிக்க."

"அஞ்சு ரூபாய்க்கு மரம் ஏறினா என் பொண்டாட்டி வூட்ல சேக்க மாட்டாங்க."

அப்பதான் அந்த அபார யோசனை வந்தது.

"காசே வேணாம்பா! கழிக்கிற கட்டை பூரா நீயே எடுத்துகினு போ. அதான் கூலி."

"நெஜமாவா? அப்பறம் பேச்சு மாறக் கூடாதுங்க."

"நான் பேச்சு மாறுறவனா?"

மீசையை முறுக்கிகினு முதலாளி வீட்டுக்குப் பாவு வாங்கப் போனேன். கல்யாணப் புடவைக்கான பட்டு இழை. "இதைக் கெடுத்தா அடுத்த பாவு உனக்குக் கெடையாது"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு.

திரும்பி வந்தா என் வீடே எனக்கு அடையாளம் தெரியல. அவ்ளோ வெளிச்சம்!

மரம் இருந்தது. கிளைதான் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் முனுசாமி மாட்டுவண்டியில இருந்தது.

"யோவ், ஒரு கிளைதானே சொன்னேன்!"

"கட்டைதான் கூலின்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு கிளையில இன்னா தேறும்?"

கட்டையைக் கூலியாக் குடுத்தா எவன் கொறைச்சு வெட்டுவான்? இந்தச் சின்னக் கணக்கு என் பெரிய மூளைக்கு எட்டல.

மறுநாள் காலையிலதான் முழு வெவரமும் புரிஞ்சுது. பாவைத் தெருவுல நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, நெழல்ல பதமாக் காய வைக்கணும். வெயில் பட்டா இழை அறுந்துடும். எங்க தெருவுல பதினோரு வீட்டுக்கும் இருந்த ஒரே நெழல் அந்த வேப்பமரம்.

இருபது வருஷமா அந்த நெழல்ல நின்னவன் நான். மரத்தைக் கழிக்கும்போது ஓடு ஞாபகம் வந்துச்சு, பாவு ஞாபகம் வரல!

பக்கத்து வீட்டு நாகம்மா என்னைவிட மூத்தவங்க. பாவோட வெளிய வந்து மேல பாத்தாங்க.

"அடப்பாவி! பத்து ரூபாய்க்கு எங்க எல்லார் பொழப்புலயும் மண்ணைப் போட்டியே. நீயெல்லாம் நெய்யுறவனா?"

தெருக்காரங்கல்லாம் பாவை உள்ள எடுத்துகினு போயிட்டாங்க. நான் மட்டும் வீம்புக்குக் கட்டினேன். வெயில் ஏறுச்சு. தெரு நீளத்துக்கு இருந்த பாவுக்கு ஒத்தைக் குடையைப் பிடிச்சிகினு நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். இழை பட் பட்டுன்னு அறுந்துச்சு.

அறுந்ததை முடிச்சு போட ஒரு வாரம் ஆச்சு. முதலாளி சொன்ன சொல் தவறல. அடுத்த பாவு நாகம்மா வீட்டுக்குப் போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தெருவுல ஒரே முடிவா சொல்லிட்டாங்க, மரம் துளிர்க்கிற வரைக்கும் என் செலவுல கீத்துப் பந்தல் போடணுமாம். பந்தலுக்குக் கால் வேணுமே! நானும் என் பொண்டாட்டியும் முனுசாமியைத் தேடிப் போனோம்.

என் மரத்துக் கிளைங்க அங்க வரிசையா சாத்தி இருந்துச்சு.

"நாப்பது ரூபாங்க."

பேரம் பேச வாயைத் தொறந்தேன். என் பொண்டாட்டி திரும்பி ஒரு பார்வை பாத்தா. அப்படியே மூடிகினேன்.