முதல் பந்தியும் முழங்காலும்

பி-7, மூத்தோர் குடியிருப்பு,
காமயகவுண்டன்பட்டி சாலை.
வியாழன் காலை.

ஏ-3இல் வசிக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சின்னச்சாமி அவர்களுக்கு, பி-7 ராஜபாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மிக நலம். அங்கே தாங்கள் நலமாக இல்லை என்பதை நன்கு அறிந்தே இதை எழுதுகிறேன். மறுத்துப் பதில் போட வேண்டாம்.

நாற்பது எட்டு எடுத்து வைத்தால் தங்கள் வாசல். இருந்தும் கடிதம் எழுதக் காரணம் உண்டு. நேரில் வந்தால் தாங்கள் எழுந்து நிற்கிறீர்கள், நான் உட்காரச் சொல்கிறேன், தாங்கள் என்னை உட்காரச் சொல்கிறீர்கள், காபி ஆறிப்போகிறது, வந்த காரியம் அப்படியே என்னோடு திரும்பி வருகிறது. காகிதம் எழுந்து நிற்காது.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். கோயம்புத்தூரில் என் மகன் விஜய்பாண்டி வேலை பார்க்கும் கம்பெனி, இதுவரை அவனைப் பெற்ற எங்களுக்கும், அவன் மனைவி விஜியைப் பெற்ற தங்களுக்கும், ஆக நாலு பேருக்கும் மருத்துவக் காப்பீடு போட்டிருந்தது. இந்த வருடம் இன்சூரன்ஸை மாற்றிவிட்டார்கள். இனி ஒரு ஜோடிதான்: அப்பா அம்மா, அல்லது மாமனார் மாமியார். நாளை மாலை ஐந்து மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடத்துக்கு யாருக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பையன் போனில் கேட்டதும் நான், "அவுக பேரைப் போடுப்பா" என்றேன். அடுத்த நிமிடமே தாங்களும் அவனைக் கூப்பிட்டு, "எங்களுக்கு எதுக்கு மாப்ளே? உங்கப்பா நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்டு வச்சிருக்காக. அவுக பேரைப் போடுங்க" என்றீர்களாம். பிள்ளைகள் கல்யாணத்தில், முதல் பந்தியில் நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று நாம் மாறி மாறிச் சொல்லி நின்று, கடைசியில் இருவரும் ரசம் மட்டும் சாப்பிட்டது நினைவிருக்கும். அன்று போனது சாப்பாடு. இப்போது போகப்போவது முழங்கால்.

சம்பந்தியம்மா அன்னத்தாயின் இரண்டு முழங்காலையும் மாற்றியாக வேண்டும் என்று தேனி டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அதை எங்களிடம் மறைத்ததோடு நில்லாமல், வலி இல்லை என்று காட்டுவதற்காக அவர்களைத் தினமும் மாலை கேட் வரை நடக்க விட்டீர்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போகும்போது சிரித்துக்கொண்டே போனார்கள். திரும்பும்போது கறிவேப்பிலை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார்கள். என் வீட்டுக்காரி மொக்கம்மாள் ஓடிப்போய், "என்ன மதினி, கால் வலிக்குதா?" என்றதற்கு, "அட இல்ல மதினி, குழம்புக்கு ரெண்டு இணுக்கு பறிக்கிறேன்" என்றார்களாம். அந்த மரத்தில், கை எட்டும் உயரத்தில் இப்போது இலையே இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் நெஞ்சு கல்லுப் போல இருக்கிறது என்று நிரூபிக்கச் செவ்வாய்க்கிழமை தண்ணீர் கேனைத் தோளில் வைத்துத் தங்கள் வாசல் வழியாக மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே கேன்தான். அதைப் பார்த்துத் தாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தீர்கள். தொட்டியில் என்ன இருந்தது? தண்ணீர்தான். அன்று பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ஜெபமணி, "ரெண்டு பேருக்கும் நூத்தித் தொண்ணூறு. யாரு ஜெயிச்சாகன்னு நான் வேற சொல்லணுமா? பேசாமப் போயிப் படுங்கய்யா. ஒரே ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்ருவேன். அதுலயும் நீங்க மொதல்ல ஏறுங்கன்னு நிப்பீக" என்று சத்தம் போட்டது குடியிருப்பு முழுக்கக் கேட்டது.

வேறு வழி பார்க்காமலும் இல்லை. நேற்று ஒரு ஏஜெண்டு பொது ஹாலில் வந்து, தனியாகப் பாலிசி எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற மூட்டு வலிக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றார். "மூணு வருசத்துல இங்கன யாரு இருப்பா, யாரு இருக்க மாட்டா, மொதல்ல அதச் சொல்லுங்க தம்பி" என்று மொக்கம்மாள் கேட்டதும் பையை மூடிவிட்டார். விஜியும் சம்பாதிக்கிற பிள்ளைதானே, ஆபரேஷனுக்கு அவள் உதவட்டுமே என்று நான் ஆரம்பித்தபோது தாங்கள், "பொண்ணக் குடுத்த வீட்டுல கை நனைக்கவே யோசிக்கிற ஆளு நானு. மக சம்பளத்துல மாத்திரை வாங்குனா தொண்டையில எறங்குமா சம்பந்தி?" என்றீர்கள். நானும் பெரிய மனிதன் போலத் தலையாட்டினேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும்தான் பட்டியலில் இருக்கப்போகிறீர்கள். நம் இருவர் மரியாதையின் பாரத்தையும் அந்த முழங்கால்கள்தான் சுமக்கின்றன, இனித் தாங்காது. பெண்ணைக் கொடுத்தவர் இறங்கிப் போக வேண்டும் என்றுதானே விட்டுக்கொடுக்கிறீர்கள்? சரி. முதலும் கடைசியுமாக, மாப்பிள்ளையின் அப்பா என்ற அதிகாரத்தில் சொல்கிறேன்: இது உத்தரவு. நாளை நாலு மணிக்கு நானே விஜய்பாண்டியிடம் பெயர்களைப் படித்துச் சொல்வேன். அதுவரை தாங்கள் கூப்பிட்டால் அவன் எடுக்க மாட்டான். சொல்லி வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். கறிவேப்பிலை பறித்தது போதும் என்று சொல்லவும். சுருளி வேலப்பர் நம் எல்லோரையும் காக்கட்டும், ஏணி ஏறாதவர்களை முதலில்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ராஜபாண்டி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் விஜி கூப்பிட்டாள். விஜய்பாண்டி அவளிடம், "எங்கப்பாவா உங்கப்பாவா, நீயே சொல்லு" என்று கேட்டானாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமா, அங்க உங்க பேரையே போடச் சொல்லுங்க. எங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவச் சேத்து ஒண்ணரை வருசமாச்சு. மூட்டு ஆபரேஷனும் அதுல வரும், இப்பத்தான் கேட்டேன். ஏன் சொல்லலேன்னா, என்னய யாரும் கேக்கலையே." மாப்பிள்ளை கம்பெனியில் வாங்கலாம், மகள் கம்பெனியில் கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் தங்கள் பங்குக்கு, "உங்கப்பாவுக்குத் தொண்டையில எறங்காதேம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "மாத்திரைதான மாமா தொண்டை வழியாப் போகுது. இது முட்டி" என்றாள். ஆகவே மேலே உள்ள உத்தரவை அடித்துவிடவும். விஜி அங்கேயும் போனில் சொல்லிவிட்டாள்; சம்பந்தியம்மா அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் துணிப்பையை எடுத்து வைத்துவிட்டார்களாம். மொக்கம்மாள் வந்து சொல்கிறாள். திங்கட்கிழமை காலை தேனிக்கு ஜீப் சொல்லியிருக்கிறேன். முன்சீட்டு அவர்களுக்கு, கால் நீட்டிக்கொள்ள. பின்னால் ஜன்னலோரம் தங்களுக்குத்தான். தயவுசெய்து வாசலில் நின்றுகொண்டு என்னை முதலில் ஏறச் சொல்லாதீர்கள்.