பன்னிரண்டடி அறை

வீட்டில் எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று நான் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முடிவெடுத்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். நாற்காலியில் உட்கார்ந்தேன், குண்டூசி குத்தியது. துள்ளி எழுந்தபோது முடிவு தானாகவே வந்துவிட்டது.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். தையல் மெஷின் இருப்பது கூடத்தில். சோபாவுக்குப் பின்னால் துணி மூட்டை, ஜன்னல் விளிம்பில் நூல்கண்டு, என் நாற்காலியில் குண்டூசி. செய்தித்தாளைப் பிரித்தால் நடுப்பக்கத்தில் ஒரு சட்டைக் கையின் வடிவத்தில் ஓட்டை இருக்கும். அளவுக்கு வெட்டி எடுத்திருப்பாள். பல வருஷமாக நாட்டு நடப்பை நான் அந்த ஓட்டையைச் சுற்றிப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

எங்கள் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவள் அறை காலியானது. அவள் போன மூன்றாம் நாளே நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையின் மேல் கண் வைத்துவிட்டோம். கண் விஷயத்தில் நான்தான் வல்லுநர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் தொழில். ஆனால் என் மனைவி வைத்த கண் பலமான கண்.

அவளுக்கு அது தையலறை. எனக்கு அது வாசிப்பறை.

"வாசிக்கிற அறையில கட்டில் எதுக்குங்க?"

"படுத்துக்கிட்டு வாசிக்க."

"சாய்வு நாற்காலி?"

"சாஞ்சுக்கிட்டு வாசிக்க."

"அப்புறம் மேசை?"

"அதுல தலையை வெச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அலமாரி கட்ட, கதவை இடம் மாற்ற, மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் அனுபவஸ்தர். புருஷன் சொல்லிக் கட்டிய சுவரைப் பெண்டாட்டி சொல்லி இடித்து, மறுபடி புருஷன் சொல்லிக் கட்டியவர். எது எங்கே வரும் என்று முதலில் ஒரு படம் போட்டு வையுங்கள், இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட படமாக இருக்கட்டும், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. படம் யார் கையிலோ, அறை அவர் கையில். வீடு வரைகிற சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறதாம். சுவர் எழுப்பலாம், கட்டில் போடலாம், உள்ளே நடந்தே பார்க்கலாம் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். அதை நானே கற்றுக்கொண்டு, நானே வரையப்போகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"உங்க இஷ்டம்" என்றாள்.

இருபத்தேழு வருஷத்தில் அவள் இந்த வார்த்தையைச் சொன்னது நாலைந்து தடவைதான். ஒரு தடவைகூடக் காரியம் என் இஷ்டப்படி முடிந்ததில்லை. இருந்தும் மனுஷனுக்குப் புத்தி வருகிறதா?

சாயங்காலமே அளக்க உட்கார்ந்தோம். கூடம், சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் ஸ்டீல் டேப்பால் நானே அளந்தேன். மகளின் அறைக்கு வரும்போது ஸ்டீல் டேப்பைக் காணவில்லை. இப்போதுதான் இங்கே வைத்தேன். கட்டிலுக்கடியில் பார்த்தேன், துணி மூட்டைக்குள் பார்த்தேன், கடைசியில் ஃபிரிட்ஜுக்குள்கூடப் பார்த்தேன். என் மனைவி தன் கழுத்தில் தொங்கிய துணி டேப்பை உருவினாள். தினமும் இதில்தானே நாலு பேரை அளக்கிறேன், ஒரு சுவரை அளக்க மாட்டேனா என்றாள். ஐந்தடி டேப். சாக்பீஸால் கோடு கிழித்துக் கிழித்து மூன்று தடவை வைத்தாள். அவள் படிக்க, நான் எழுதினேன். நீளம் பதினோரு அடி. அகலம் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல்.

மகள் பந்து விளையாடி வளர்ந்த அறை இவ்வளவு சின்னதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிள்ளைகள் போய்விட்டால் அறைகூடச் சுருங்கிவிடும்போல என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் நாள் பாடம். அளவுகளை எல்லாம் போட்டேன். திரையில் வந்த வீட்டில் குளியலறைக்குள் இரண்டு பஸ்ஸை நிறுத்தலாம். சாஃப்ட்வேர்காரர்களின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். ஒன்றாம் வகுப்புக்கு இருபது வருஷம் பாடம் எடுத்தவர்போல அப்படி ஒரு பொறுமை.

"சார், உங்களுக்கு அளவு மீட்டர்ல இருக்கு. அடிக்கு மாத்திடுங்க."

"எங்கேம்மா அடிக்கணும்?"

"அடிக்க வேண்டாம் சார். அடின்னு ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொட்டாப் போதும்."

செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. புதன்கிழமை வாசல் கதவைத் திறந்தால் நேராகப் பக்கத்து வீட்டு மாடிக்கு மேல் அந்தரத்தில் போய் நின்றது. தினமும் கடைவிட்டு வந்ததும் ஆறு மணிக்குப் போன் போடுவேன். "வணக்கம் சார், இன்னைக்கு எது தொங்குது?" என்று அந்தப் பெண்ணே கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டோம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். பாவம், அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நானாகவே விளக்கிச் சொல்வேன். இது மவுஸ், இதைப் பிடித்து இழுத்தால் சுவர் நகரும் என்பேன். அப்படியா என்பாள்.

வியாழக்கிழமை எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. மகளின் அறைக்குள் கட்டிலைப் போட்டேன். மேசையைப் போட்டேன். புத்தக அலமாரியை நிறுத்தினேன். சாய்வு நாற்காலியை வைத்தேன். நாற்காலி சிவப்பாகிவிட்டது. இடம் போதாவிட்டால் அந்த சாஃப்ட்வேர் பொருளைச் சிவப்பாக்கிக் காட்டும். கட்டிலைத் திருப்பினேன், கட்டில் சிவந்தது. மேசையை நகர்த்தினேன், கதவு சிவந்தது. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்ததில் என் கண் சிவந்தது. நான் அந்த அறைக்குள் வைத்துப் பார்க்காத கோணமே இல்லை. எப்படி வைத்தாலும் ஓர் அடி இடித்தது.

உதவி மையத்துப் பெண்ணிடம் உங்கள் சாஃப்ட்வேரில் கோளாறு என்று கோபித்துக்கொண்டேன்.

"சார், நீங்க சொல்ற அளவைத்தான் அது காட்டும். எதுக்கும் ஒரு தடவை நீங்களே அளந்து பாருங்களேன்."

அளப்பதில் என் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது, அவளுக்கு அதுதான் தொழில் என்று பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேறு யோசனை. என் சாமான்களை எல்லாம் தூக்கிவிட்டு, சும்மா ஒரு பரிசோதனைக்காக, தையல் மெஷினையும் துணி வெட்டும் மேசையையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. சட்டைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அப்படியே பொருந்தியது.

நான் விஞ்ஞான மனப்பான்மை உள்ளவன். உண்மையை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அறை வாசிப்பதற்கு லாயக்கில்லை, தைப்பதற்குத்தான் லாயக்கு, நீயே எடுத்துக்கொள் என்றேன்.

"வேணாங்க. நீங்க எவ்வளவு ஆசைப்பட்டீங்க. ஒரு வாரமாப் பாக்குறேனே."

"இடம் பத்தலையேம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"கட்டிலை வேணா எடுத்துட்டா?"

"கட்டில் இல்லாம வாசிக்க முடியாது."

"நான் கூடத்துலயே ஒரு மூலையில தெச்சுக்கறேங்க. எனக்கு எதுக்கு அறை."

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று வற்புறுத்தினேன். அவள் மறுத்தாள். கெஞ்சினேன். நாளைக்கு நான்தான் அறையைப் பிடுங்கிக்கொண்டேன் என்று பேச்சு வரும் என்றாள். வராது என்றேன். அப்படியானால் உங்கள் வாயாலேயே மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். உடனே மகளுக்குப் போன் போட்டு, அறையை உன் அம்மாவுக்கு முழு மனதோடு கொடுத்துவிட்டேன் என்றேன். அப்பா திருந்திவிட்டார் என்று மகள் சந்தோஷப்பட்டாள். நான் என் மனைவியின் புடவைத் தலைப்பிலேயே மூக்கைச் சிந்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இடுப்பிலிருந்து தன் ஸ்டீல் டேப்பை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். சுவரோடு சேர்த்துப் பிடித்தேன்.

"பன்னெண்டு அடி சார்" என்றார்.

"பதினொண்ணு" என்றேன்.

"நீங்களே வந்து பாருங்க."

பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு அடியும் வரிசையாக என் முதுகில் விழுந்ததுபோல இருந்தது.

மேஸ்திரியை ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு, மனைவியைச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அவள் கழுத்தில் அந்தத் துணி டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த டேப்புக்கு என்ன ஆச்சு?"

"பழசுங்க. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. பன்னெண்டைப் பதினொண்ணுன்னு காட்டும்."

"தெரிஞ்சேவா வெச்சிருக்கே?"

"சில பேருக்கு இதுலதான் அளப்பேன். இடுப்பு குறைஞ்சிருக்குன்னு சொன்னா அவங்களுக்கு ஒரு சந்தோஷம். தைக்கிறப்ப நான் கூட்டித் தெச்சுக்குவேன்."

"என் அறையைக் குறைச்சதுல யாருக்குச் சந்தோஷம்?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பத்தொன்பது வருஷமாகச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் காலடியில் துணியைப் போட்டுக்கொண்டு தைக்கிறாளாம். அறை வேண்டும் என்று நேராகக் கேட்டால் நான் கொடுப்பேன், ஆனால் ஆயுசு முழுக்கக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவேனாம். நானே கொடுக்க ஆசைப்பட்டுக் கொடுத்தால் சொல்லிக் காட்ட மாட்டேனாம்.

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நியாயம் இருந்தது. ஆனாலும் தோற்ற மனுஷனுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே. மிஞ்சி இருக்கிற அந்த ஓர் அடி என்னுடையது, அதில் என் சாய்வு நாற்காலி வந்தே தீரும் என்று சொல்லிவிட்டு நேராக லேப்டாப்பிடம் போனேன். சுவரை ஓர் அடி நீட்டுவது எப்படி என்று தெரியவில்லை. உதவி மையத்துக்குப் போன் போட்டேன்.

"சார், அதை உங்க வீட்டம்மா செவ்வாய்க்கிழமையே கேட்டு நீட்டிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

"யாரு?"

"தினமும் மத்தியானம் கூப்பிடுவாங்க சார். ரொம்ப சீக்கிரம் கத்துக்கிட்டாங்க. ஃபிரிட்ஜெல்லாம் தொங்கவே இல்லை."

என் படத்துக்குக் கீழே இன்னொரு படம் இருந்தது. 'சரியான அளவு' என்று பெயர். திறந்தேன். பன்னிரண்டு அடி. மெஷின், வெட்டும் மேசை, துணி அலமாரி, மிஞ்சிய ஓர் அடியில் போட்டுப் பார்க்கிறவர்கள் நிற்க ஆள் உயரக் கண்ணாடி. ஜன்னலுக்குத் திரைகூடத் தொங்கியது, நேராக. அந்தப் படத்தில் அறைக்கு வெளியே, கூடத்தில், மெஷின் இருந்த மூலையில் என் சாய்வு நாற்காலி இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கு. ஒரு சின்னப் புத்தக அலமாரி. ஒன்றும் சிவக்கவில்லை. என்னைத் தவிர.

மேஸ்திரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் படம்தான் தெளிவாக இருக்கிறது, இதை யார் போட்டது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான் என்று என் மனைவி சொன்னாள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட படம்தானே என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, கூடம் விசாலமாகிவிட்டது. நாற்காலியில் குண்டூசி இல்லை. செய்தித்தாளில் ஓட்டை இல்லை. விளக்கு வெளிச்சம் சரியாகப் பக்கத்தின் மேல் விழுகிறது. தினமும் சாயங்காலம் கடைவிட்டு வந்து, வீட்டுத் தலைவனுக்குரிய தோரணையோடு அந்த நாற்காலியில் சாய்கிறேன். எதிரே ஒரு பெஞ்சும் போட்டிருக்கிறாள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்களின் கணவன்மார்கள் அதில் காத்திருப்பார்கள்.

நேற்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு சக மனிதனிடம் பேசுகிற பரிவோடு குனிந்து கேட்டார்.

"உங்க வீட்டம்மாவும் உள்ள அளவு குடுக்கப் போயிருக்காங்களா?"

"ஆமாங்க" என்றேன்.